இருசாயியின் கைப்பிடி

ஆட்டுக்கல்பட்டியில் துப்பாக்கி செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான், மஸ்தான் பாய். அவரிடம் போய் எனக்கொரு துப்பாக்கி செய்து கொடுங்கள் என்று கேட்ட பெண்ணும் ஒருத்திதான், இருசாயி. மலையடிவாரத்து ஊர் அது, மலையில் பாதி கல்குவாரிக்குப் போய்விட்ட ஊர், மீதிப் பாதி நாளும் ஒரு லாரி இரண்டு லாரியாகப் போய்க்கொண்டிருந்த ஊர். மஸ்தான் பாய் அரசாங்க லைசென்ஸ் வைத்துக்கொண்டு, சினிமாக் கம்பெனிகளுக்கும் பழைய ஜமீன் வீட்டுச் சுவர்களுக்கும் அந்தக் காலத்து மாதிரியில் கைத்துப்பாக்கி செய்து அனுப்பினார்: ஒரு முழ நீளக் குழல், வளைந்த மரக் கைப்பிடி, விசையை இழுத்தால் சாய்ந்து அடித்துப் பொறி கிளப்பும் ஒரு சிறிய இரும்பு. அந்த இரும்புக்குக் குதிரை என்று பெயர்.

இருசாயி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து, சுவரில் தொங்கியதைக் காட்டினாள்.

"இந்த மாதிரி ஒண்ணு வேணும் பாய்."

"அது சும்மா மாட்டி வெக்கிறது தங்கச்சி."

"சுடாதா?"

"சுடற மாதிரியும் செய்யலாம். ஆனா ஒரு தடவதான் சுடும். அப்புறம் மருந்து கெட்டிச்சு, குண்டு போட்டு, குதிரைய இழுத்து வெச்சு நிமிந்து பாத்தா, எதுக்க நின்னவன் ஊட்டுக்குப் போயி குளிச்சிட்டிருப்பான்."

"ஒரு தடவ போதும். ரெண்டாவது குண்டு இருக்குதுன்னு தெரிஞ்சா மொத குண்ட அசால்ட்டா சுட்டுருவேன்."

"காட்டுப்பன்னிக்கா?"

"பன்னி எனக்கு ஒண்ணும் பண்ணல."

மஸ்தான் பாய் அதற்குமேல் கேட்கவில்லை. கூலியைப் பேசி முடித்தார்கள். அது ஐந்து நிமிட வேலை. அளவெடுப்பதுதான் பெரிய வேலை.

குழலும் குதிரையும் விசையும் எல்லாக் கைகளுக்கும் பொது, கைப்பிடி மட்டும் ஒரே ஒரு கைக்கு உரியது என்பது மஸ்தான் பாயின் கணக்கு. ஆகவே துப்பாக்கி கேட்டு வருகிறவர் கையில் ஏரிக் களிமண்ணை உருட்டிக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், விரல் பதிந்த மண்ணை இரண்டு நாள் காய வைப்பார், அதை அச்சாக வைத்து, அதனோடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்து மரத்தைச் செதுக்குவார். இது வரைக்கும் மற்ற துப்பாக்கிக்காரர்களும் செய்யக்கூடியதே. ஆனால் மண்ணைக் கையில் கொடுக்கும்போது அவர் இன்னொன்றும் சொல்வார். "சும்மா புடிக்கிற கை வேற, சுடறப்ப புடிக்கிற கை வேற. யாரச் சுடப்போறியோ அவன நெனச்சுக்கிட்டுப் புடி." சினிமாக்காரர்களிடமும் இதையே சொல்வார். ஒரு நடிகர் சிரித்துக்கொண்டே தன் தயாரிப்பாளரை நினைத்துப் பிடித்தார். கைப்பிடி மிக நன்றாக அமைந்தது.

இருசாயி சிரிக்கவில்லை. மண்ணை வாங்கினாள், குவாரி முதலாளி வரதப்பனை நினைத்தாள், பிடித்தாள். பிடித்தபடியே, யாரும் கேட்காமல், சொல்லவும் தொடங்கினாள்.

குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் மூன்று முறை சங்கு ஊத வேண்டும், சாலையின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி பிடிக்க வேண்டும். அன்று கொடி பிடிக்கிறவனையும் சங்கு ஊதுகிறவனையும் வரதப்பன் தன் புது லாரிக்குப் பூஜை போட அழைத்துக்கொண்டு போயிருந்தார். வெடி காத்திருக்கவில்லை. இருசாயியின் மகள் பவுனு, பத்தொன்பது வயது, தையல் வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். தேங்காய் அளவுக் கல் ஒன்று பறந்து வந்தது. விசாரணையில் ஊரில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்: சங்கு மூன்று முறை ஊதியது, நாங்கள் கேட்டோம், அந்தப் பெண்தான் செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். பவுனுவிடம் செல்போனே இல்லை.

இதைச் சொல்லி முடிக்கும்போது இருசாயியின் கையிலிருந்த மண் முதலில் ஆவி விட்டது, பிறகு வெளுத்தது, பிறகு செங்கல்லாகச் சிவந்து, அதற்கப்புறமும் நிற்காமல், உலையில் கிடந்த இரும்பு மாதிரி உள்ளேயிருந்து ஒளி விட்டது. அவள் கை வேகவில்லை. அவளுடைய சூடுதானே அது. மஸ்தான் பாய் அதை இடுக்கியால் வாங்கி மரப்பட்டறை மேல் வைத்தார், மரம் கருகியது, எடுத்துப் பட்டறைக்கல் மேல் வைத்தார்.

"வழக்கமா ரெண்டு நாள் காயும்," என்றார். "இது காஞ்சிருச்சு."

அன்றிலிருந்து மூன்று மாதம் அவர் அந்த அச்சோடு மல்லுக்கட்டினார். குழலைக் கடைந்தார், குதிரையை ராவினார், சுருள்வில்லை முறுக்கி ஏற்றினார், எல்லாம் கச்சிதமாக வந்தன. கைப்பிடி மட்டும் வரவில்லை. வேங்கையை அச்சோடு சேர்த்துப் பிடித்தார், கருகியது. தேக்கு கருகியது. கருங்காலி சற்று நேரம் யோசித்துவிட்டுக் கருகியது. எருமைக் கொம்பைச் சேர்த்துப் பிடித்த அன்று எழுந்த நாற்றத்தில் தெருவே கடையைச் சாத்தியது. பித்தளை உருகி ஓடியது. அச்சு மட்டும் முதல் நாள் இருந்த அதே சூட்டில், நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்து, பட்டறைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

பக்கத்துக் கடை எத்திராஜுடையது, டீக்கடை. ஒரு நாள் காலை அவனுக்கு கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் வண்டி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள், கடை முன்னால் பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எத்திராஜ் பால் குண்டானைத் தூக்கிக்கொண்டு மஸ்தான் பாய் கடைக்குள் வந்து, "பாய், அது சும்மாதான இருக்குது," என்று சொல்லி அச்சின் மேல் வைத்தான். பால் நாலு நிமிஷத்தில் காய்ந்தது. பன்னிரண்டு பேரும் குடித்தார்கள். டீ நன்றாக இருக்கிறது என்றார்கள், புகை வாசம் இல்லை என்றார்கள், இன்னொன்று போடு என்றார்கள்.

மறுநாள் இஸ்திரிக்காரர் பெட்டியைச் சூடு பண்ண வந்தார். அதற்கு மறுநாள் பிரசவித்த ஒரு வீட்டில் வெந்நீருக்காக வந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரம்மா பெரிய அண்டாவோடு வந்தாள், முந்நூற்று எண்பது பிள்ளைகளின் சோறு ஒரு கைப்பிடி மண்ணின் மேல் வெந்தது, பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். விறகும் கரியும் தேவைப்படாத, காற்றில் அணையாத, மழையில் நனையாத ஒரு நெருப்பை யார் வேண்டாம் என்பார்கள்? பஞ்சாயத்துத் தலைவர் மாதப்பன் தீர்மானம் போட்டார். மஸ்தான் பாய் வெளியூர் போயிருந்த ஒரு நாள் பார்த்து அச்சை ஊர்ப் பொதுவிடத்துக்குக் கொண்டுபோய், அதற்கு ஓடு வேய்ந்த கொட்டகை போட்டு, பக்கத்தில் குழாய் இழுத்து, யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று பலகையில் எழுதி மாட்டினார்கள். இருசாயி அடுப்பு என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் அதில் ஆச்சரியம் இருக்கவில்லை. ஆச்சரியம் இருந்திருந்தால் இது ஏன் சுடுகிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு குறைதான். ஒரு புதன்கிழமை இருசாயியின் ஆட்டுக்குட்டி, டவுன் பஸ்ஸில் ஏறி நடத்துனரின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. நடத்துனர் "டிக்கெட் எடுத்தியா?" என்று குட்டியிடம் கேட்டபோது இருசாயி தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அன்று பால் காய வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் கூட ஆனது. எத்திராஜ் கவனித்தான், இஸ்திரிக்காரரும் கவனித்தார், தலைவரிடம் சொன்னார்கள். தலைவர் மூன்று பேரை நியமித்தார். அவர்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் காலையில் இருசாயி வீட்டு வாசலுக்குப் போய் நின்று பேசிவிட்டு வர வேண்டும்.

"பவுனு இருந்திருந்தா இந்த வைகாசில கண்ணாலம் ஆயிருக்கும்," என்பார் இஸ்திரிக்காரர், மழை வருமா என்று கேட்பதுபோல.

"ஆயிருக்கும்," என்பாள் இருசாயி.

"நல்லா தைப்பா. என்ர பொண்டாட்டிக்கு ஜாக்கெட் தெச்சுக் குடுத்தா. இன்னும் போடறா."

இஸ்திரிக்காரர் கொட்டகைக்குத் திரும்பி வந்து, பெட்டியைத் தொட்டுப் பார்த்து, தலையாட்டுவார். அவரும் அந்தப் பதினாறு பேரில் ஒருவர்தான். எத்திராஜும் ஒருவன். தலைவரின் கையெழுத்துதான் முதல் கையெழுத்து.

இப்படி ஒரு வருஷம் போயிற்று. வரதப்பன் அடுப்புக்குக் கீழே வைக்க, பாலிஷ் போட்ட கருங்கல் மேடை ஒன்றைத் தன் குவாரியிலிருந்து கொடுத்தார், முன்பக்கத்தில் தன் பெயரை வெட்டச் சொல்லியிருந்தார். மேடையைத் திறந்துவைக்க அவரே வந்தார், வெள்ளை வேட்டி, மல்லிகை மாலை, கூட நாலு பேர். எத்திராஜ் முதல் டீயை அவருக்குத்தான் கொடுத்தான். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

"நல்ல சூடு," என்றார். கூட்டத்தில் இருசாயி நிற்பதைப் பார்த்தார். "உன்னால ஊருக்கே நல்லது நடக்குதும்மா," என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுமுன் மலைப்பக்கம் வெடி வெடித்தது. கண்ணாடி டம்ளர்கள் குலுங்கின. சங்கு ஊதவில்லை. அங்கே நின்ற இருநூறு பேருக்கும் அது தெரியும், இருநூறு பேரும் டம்ளர் கவிழாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இருசாயி நேராக மஸ்தான் பாயிடம் போனாள்.

"என்ர துப்பாக்கி எங்க?"

"எல்லாம் முடிஞ்சது. புடிதான் இல்ல. அச்சு வேணும் தங்கச்சி, அத நீதான் கேட்டு வாங்கணும். நான் கேட்டதுக்கு, கொட்டாய்ல கூட்டம் கூடுனாப் பாப்போம்னுட்டாங்க."

கூட்டம் கூடியது. காலை ஒன்பது மணி, இரண்டாவது முறை பால் காய்ந்துகொண்டிருந்த நேரம்.

"என் கை புடிச்ச மண்ணு அது," என்றாள் இருசாயி. "எனக்கு வேணும்."

"உன் கைதான், யாரு இல்லன்னா?" என்றார் தலைவர் மாதப்பன். "ஆனா மண்ணு ஏரி மண்ணு. ஏரி பொது."

"அப்ப என் பொண்ணும் பொதுவா?"

இருசாயி எத்திராஜைப் பார்த்தாள், இஸ்திரிக்காரரைப் பார்த்தாள், ஒவ்வொருவராகப் பதினாறு பேரையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சரி. ஒண்ணு பண்ணுங்க. பதினாறு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி, அன்னிக்குச் சங்கு ஊதலன்னு சொல்லுங்க. அவ தப்புப் பண்ணலன்னு எழுதிக் குடுங்க. எனக்குத் துப்பாக்கியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். நீங்களே வெச்சுக்கிட்டுக் காச்சுங்க."

அவள் எதிர்பார்த்தது இரண்டில் ஒன்று: ஒப்புக்கொள்வார்கள், அல்லது வரதப்பனுக்குப் பயந்து மறுப்பார்கள். நடந்தது மூன்றாவது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நிதானத்தோடு பேசினார்.

"யோசிச்சுப் பேசு இருசாயி. நாங்க போயி சொல்லிட்டோம்னு வெய்யி. உனக்கு மனசு ஆறிரும். ஆறுனா இது அவிஞ்சிரும். முந்நூத்தி எம்பது புள்ளைங்க மத்தியானம் சாப்புடுது. அதுங்க என்ன பண்ணுச்சு?"

"வரதப்பனுக்குப் பயந்தெல்லாம் இல்லக்கா," என்றான் எத்திராஜ். "மொதல்ல பயம்தான். இப்ப அது இல்ல."

"இப்ப டீக்கு," என்றாள் இருசாயி.

எத்திராஜ் குனிந்து பால் பொங்குகிறதா என்று பார்த்தான்.

மஸ்தான் பாய் நடந்ததைக் கேட்டுவிட்டு வெகுநேரம் குதிரையை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய், சாலையோரம் குவாரிக்காரர்கள் கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகளில் ஒன்றைப் பொறுக்கி வந்தார்.

"மண்ணு போனா போவுது. கை உங்கிட்டதான இருக்குது. இதப் புடி."

"இப்ப யார நெனைக்கணும்?"

"போன தடவ நான் சொன்னதுதான் தப்பாப் போச்சு. ஒருத்தன மட்டும் நெனைக்கச் சொல்லிட்டேன். இந்தத் தடவ ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இருசாயி கல்லைப் பிடித்தாள். வரதப்பன் முகம் வந்தது, அவர் டீயை ஊதும் முகம். அதற்குப் பின்னால் இருநூறு டம்ளர்கள் வந்தன, கவிழாமல் பிடித்த இருநூறு கைகள். ஒரு தாளும் வந்தது, பதினாறு கையெழுத்துள்ள தாள், வரதப்பன் செத்தாலும் சாகாமல் இருக்கப்போகிற தாள், பவுனு தன் தப்பால் செத்தாள் என்று நூறு வருஷமானாலும் அலமாரியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கப்போகிற தாள். அவள் விரல்கள் கருங்கல்லில், பிசைந்த மாவில் இறங்குவதுபோல, மெதுவாக இறங்கின.

கருங்கல் மண்ணைப் போலவே சூடேறியது, ஆனால் கருகவில்லை, உருகவில்லை. அந்தக் கல்லையே கைப்பிடியாகப் பொருத்தி ஒன்பது நாளில் மஸ்தான் பாய் துப்பாக்கியை முடித்தார். கயிற்றில் கட்டி வைத்து இரட்டிப்பு மருந்து போட்டு மூன்று முறை சுட்டுச் சோதித்தார். குழல் வெடிக்கவில்லை, குதிரை நழுவவில்லை. அவர் செய்ததிலேயே அழகான துப்பாக்கி அது, இருசாயி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் வெறுங்கையால் பிடிக்க முடியாத துப்பாக்கி. துப்பாக்கியோடு அதன் குண்டை வார்க்கும் அச்சையும் கொடுப்பது அவர் வழக்கம், எடுத்து நீட்டினார்.

"அது வேண்டாம் பாய்."

"குண்டு?"

"போடாதீங்க. மருந்தும் வேண்டாம். காலியாக் குடுங்க."

"காலித் துப்பாக்கிக்கா இத்தன பாடு?" மஸ்தான் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "சுவத்துல மாட்றதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. பத்து நாள்ல முடிச்சிருப்பேன்."

"சுவத்துல மாட்ட இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

காலை ஏழரை மணி. அவள் துப்பாக்கியை மறைக்கவில்லை. கையில் பிடித்தபடி கடைவீதி வழியாகப் போனாள். குவாரிப் பக்கம் திரும்புவாள் என்று எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். சிலர் கண்ணில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. கொட்டகைக்கு வந்தாள். எத்திராஜ் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். இஸ்திரிக்காரரும் தலைவரும் இருந்தார்கள், பதினாறு பேரும் அந்த நேரத்துக்கு அங்கேதான் இருப்பார்கள்.

"எத்திராஜு. அன்னிக்குச் சங்கு ஊதுச்சா?"

எத்திராஜ் துப்பாக்கியைப் பார்த்தான். "ஊதலக்கா," என்றான் உடனே.

"பாருங்க," என்றார் தலைவர். "துப்பாக்கியக் காட்டி வாங்குன வார்த்த. இது செல்லாது."

"ஆமாங்க தலைவரே, செல்லாது," என்றாள் இருசாயி. துப்பாக்கியைத் திருப்பி, குழல் தன் பக்கமும் கைப்பிடி எத்திராஜ் பக்கமுமாக நீட்டினாள். "நீ புடி. குழலுக்குள்ள பாத்துக்க, குண்டு இல்ல. இப்ப உங்கையில இருக்குது, எங்கையில ஒண்ணும் இல்ல. இப்பச் சொல்லு."

எத்திராஜ் டீ வடிகட்டும் ஈரத்துணியைச் சுற்றி வாங்கினான். துணி ஆவி விட்டது, காய்ந்தது, ஓரம் கருகத் தொடங்கியது. அவன் கீழே போடலாம்; யாரும் தடுக்கவில்லை. அடுப்பில் ஒரு வருஷமாகப் பாத்திரத்துக்கு அடியில் இருந்ததை அவன் அப்போதுதான் முதல் தடவையாகக் கையில் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஊதல," என்றான். "நான் கடையிலதான் இருந்தேன். வெடிச்சத்தம்தான் கேட்டுது. பவுனு ஒரு நிமிசம் முன்னாலதான் என் கடயத் தாண்டிப் போச்சு, என்னப் பாத்துத் தலையாட்டுச்சு. காதுல ஒயரு கியரு ஒண்ணும் இல்ல."

இருசாயி கண்ணை மூடித் திறந்தாள். மகள் கடைசியாகத் தலையாட்டிய செய்தியை இவன் ஒரு வருஷத்துக்கும் மேலாக வைத்திருந்திருக்கிறான், தினம் டீ ஆற்றியபடி வைத்திருந்திருக்கிறான்.

எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். அணையப் போகிறது என்று பார்த்தார்கள். அது அணையவில்லை, மங்கவும் இல்லை. சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது, வரதப்பனின் பெயர் வெட்டிய கல் மேடை ஓரத்திலிருந்து ஓரம் வரை படீரென்று விரிசல் விட்டது, பால் பொங்கி வழிந்தது.

"சொன்னா ஆறிரும்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள் இருசாயி. "எங்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா?"

தலைவர் வாயைத் திறந்தார். அவரிடம் இப்போது முந்நூற்று எண்பது பிள்ளைகளும் இல்லை.

எத்திராஜ் முதலில் நடந்தான், கையில் கருகும் துணியும் துப்பாக்கியுமாக. இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனார். பதினோரு பேர் போனார்கள். ஐந்து பேர், தலைவரோடு சேர்த்து, பாலை இறக்கி வைப்பதற்காக நின்றுகொண்டார்கள். இருசாயி எல்லோருக்கும் கடைசியில் நடந்தாள், யாரும் நடுவழியில் திரும்பிவிடாதபடி.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். எத்திராஜ் துப்பாக்கியை அவர் மேசை மேல் வைத்தான், உள்ளங்கை கொப்புளித்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பேரும் சொன்னார்கள், சங்கு ஊதவில்லை, சங்கு ஊதவில்லை, சங்கு ஊதவில்லை. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கேஸ முடிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஃபைல் எங்க கெடக்குதோ. அதான் உண்மையச் சொல்லிட்டாங்கல்ல, ஊரறியச் சொல்லிட்டாங்க. இப்ப உனக்குத் திருப்திதானம்மா?"

"இல்லீங்க," என்றாள் இருசாயி.

மேசையில் வார்னிஷ் குமிழ் விட்டது. துப்பாக்கிக்கு அடியிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுந்து மின்விசிறியை நோக்கிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் புகையைப் பார்த்தார், துப்பாக்கியை எடுத்து அப்பால் வைக்கப் போனவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், இருசாயியைப் பார்த்தார். அவள் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள், புடவையைச் சரி செய்துகொண்டாள், எழுந்து போகும் எண்ணம் எதுவும் அவளிடம் தெரியவில்லை. மரம் கருகும் வாசம் அறை முழுதும் பரவியது.

"அந்த ஃபைலத் தேடி எடுய்யா," என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் தாளை இழுத்து வைத்துக்கொண்டு, மேசை தீப்பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல வேக வேகமாக எழுதத் தொடங்கினார்.